ஊரிலிருந்து வந்து பதினோரு நாள், ஒரு பெட்டி இன்னும் கயிறு அவிழ்க்காமல் கிடக்கிறது

நெல்லை_ஒட்டாவா | புதன், அதிகாலை 3.40

மணியைப் பார்த்தாலே புரியும். வந்ததிலிருந்து மூன்று மணிக்கு டாண் என்று விழிப்பு வந்துவிடுகிறது. கனடாக் குளிர், சன்னலுக்கு வெளியே மைனஸ் 21. சென்ற மாதம் இதே நேரம் வீரவநல்லூரில் திண்ணையில் உட்கார்ந்து, கொசுவை அடித்துக்கொண்டு, மின்விசிறி போதவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தேன்.

நான்கு வாரம் போயிருந்தோம், நான், கணவர், ஒன்பது வயது மகள். காணும் பொங்கல் முடிந்த மறுநாள் கிளம்பி வந்தோம். மூன்று பேருக்கு ஆறு பெட்டி. ஐந்தைப் பிரித்தாயிற்று. ஆறாவது அப்பா கட்டியது. அவர் பொதுப்பணித்துறையில் லஸ்கராக இருந்து ஓய்வு பெற்றவர், கன்னடியன் கால்வாயில் முப்பது வருஷம் மதகு ஏற்றி இறக்கிய கை. பெட்டிக்கு வெளியே நைலான் கயிறு போட்டு ஒரு முடிச்சு போட்டிருக்கிறார், அதை வெட்ட மனசு வரவில்லை, அவிழ்க்கவும் தெரியவில்லை. கூடத்தில் அப்படியே கிடக்கிறது, நானும் சுற்றிக்கொண்டு போகிறேன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் ஒரு நாற்றம். பக்கத்து வீட்டு அம்மா நாள்தோறும் வந்து ஹீட்டர் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுப் போயிருக்கிறார் (குளிர்காலத்தில் வீட்டைப் பூட்டிவிட்டுப் போனால் யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்று எங்கள் வீட்டுக் காப்பீட்டில் நிபந்தனை இருக்கிறது, உங்களுடையதையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்). ஆனால் நாற்றம் எங்கிருந்து என்று தெரியவில்லை. ஆறு வருஷம் வளர்த்த கறிவேப்பிலைச் செடி மொத்த இலையையும் கொட்டிவிட்டுக் குச்சியாக நிற்கிறது. கார் ஸ்டார்ட் ஆகவில்லை. இதெல்லாம் பரவாயில்லை, சரிசெய்துவிடலாம். என் பிரச்னை, நான் எதிலும் ஒட்டாமல் இருக்கிறேன். அலுவலகத்தில் மீட்டிங்கில் உட்கார்ந்திருக்கிறேன், காதில் அப்பா வீட்டு கேட் சத்தம் கேட்கிறது. அம்மா போய் மூன்று வருஷம் ஆகிறது, அப்பாவுக்கு 74, தனியாக இருக்கிறார், அக்கா பாளையங்கோட்டையில் இருந்து வாரம் ஒருமுறை வந்து பார்க்கிறாள்.

இதில் ஒரு விசித்திரம். போன சனிக்கிழமை மகள் நச்சரித்து என்னை உறைந்துகிடக்கிற ரிடோ கால்வாய்க்கு ஸ்கேட்டிங் இழுத்துப் போனாள். ஒன்றரை மணி நேரம், பாதி விழுவதும் எழுவதும்தான். அன்று இரவு மட்டும் காலை ஆறு வரை தூங்கினேன். அது ஸ்கேட்டிங் செய்த வேலையா, வெறும் அசதியா? நீங்களெல்லாம் ஊரிலிருந்து வந்த பிறகு எப்படிப் பழகுகிறீர்கள்? மகள் மூன்றாவது நாளே சரியாகிவிட்டாள், அதையும் சொல்லிவிடுகிறேன்.

---

காபிப்பைத்தியம் | புதன், காலை 8.15

முதலில் நாற்றம். நீங்கள் அதிகம் புழங்காத குளியலறை, அடித்தளத்து வாஷ்பேசின், வாஷிங்மெஷின் பக்கத்தில் இருக்கிற தரைத்துவாரம், எல்லாவற்றிலும் ஒரு சொம்பு தண்ணீர் ஊற்றுங்கள். குழாய்க்குக் கீழே வளைவாக இருக்குமே, அதில் நிற்கிற தண்ணீர்தான் சாக்கடைக் காற்றை மேலே வரவிடாமல் தடுக்கிறது. ஹீட்டர் ஓடுகிற வீட்டில் காற்று உலர்ந்து கிடக்கும், நான்கு வாரத்தில் அந்தத் தண்ணீர் வற்றிவிடும். எனக்கும் இதேதான் நடந்தது, நான் எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்து இரண்டு நாள் சோபாவைப் புரட்டிக்கொண்டிருந்தேன்.

அடுத்து தூக்கம். இந்தியாவுக்கும் உங்களுக்கும் இப்போது பத்தரை மணி நேர வித்தியாசம், கிட்டத்தட்ட பகலும் இரவும் தலைகீழ். நாளொன்றுக்கு ஒரு மணி நேரம் சரியாகும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆக பத்துப் பதினொரு நாள் என்பது வழக்கமான கணக்குதான், பயப்பட வேண்டாம். உடம்பின் கடிகாரத்தைத் திருப்புவதில் பெரிய கை வெளிச்சத்துக்குத்தான். இங்கே ஜனவரியில் ஏழரைக்கு விடிகிறது, ஐந்துக்கெல்லாம் இருட்டு. இருட்டில் கிளம்பி, இருட்டில் வீட்டுக்கு வந்து, நடுவில் குழல்விளக்கின் கீழே உட்கார்ந்திருந்தால் உடம்புக்கு எது பகல் என்று எப்படித் தெரியும்? மேகமூட்டமான மதியமானாலும் வெளியில் இருக்கிற வெளிச்சம் அறைக்குள் இருப்பதைப்போலப் பல மடங்கு. பனி வேறு அதைத் திருப்பி அடிக்கும். சனிக்கிழமை உங்களைத் தூங்க வைத்தது அந்த ஒன்றரை மணி நேர வெளிச்சமும் அசதியும் சேர்ந்துதான் என்பேன்.

அப்புறம் மதியம் இரண்டு மணிக்கு மேல் காபி வேண்டாம். என் பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நான் கடைப்பிடிக்கிற ஒரே விரதம் இதுதான்.

---

ஸ்காபறோ_அண்ணை | புதன், காலை 10.02

தங்கச்சி, நான் 1990 இல் வந்தனான். பிறகு பதின்மூன்று வருசம் ஊர்ப்பக்கம் போக முடியவில்லை, உங்களுக்குக் காரணம் விளங்கும். 2002 இல் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து யாழ்ப்பாணம் போகிற ஏ9 பாதை திறந்த பிறகுதான், 2003 கோடையில், கொழும்பில் இருந்து வான் வண்டியில் வடமராட்சிக்குப் போனோம். அம்மா என்னை அடையாளம் பிடிக்க ஒரு நிமிசம் எடுத்தது. மூன்று கிழமை நின்றேன்.

திரும்பி வந்த அன்று விமானநிலையக் கார்த் தரிப்பிடத்தில் நானும் மனிசியும் முக்கால் மணித்தியாலம் காருக்குள் சும்மா இருந்தோம். காரை எடுத்தால் ஊருக்குப் போய்வந்தது முடிந்துவிடும் போல. ஒருத்தரும் கதைக்கவில்லை. பிறகு தரிப்பிடக் காசு ஏறுது என்று மனிசிதான் சொன்னா. அவ்வளவுதான்.

அதற்குப் பிறகு ஏழு தரம் போய் வந்துவிட்டேன். ஒவ்வொரு தரமும் இதே கதைதான், ஆனால் சில விசயங்களைப் பழக்கமாக்கி வைத்திருக்கிறேன். ஞாயிறு வந்து இறங்கி திங்கள் வேலைக்குப் போகிற மடத்தனத்தை விட்டுவிட்டேன், வியாழன் வந்து வெள்ளி லீவு. வருகிற அன்றைக்கே பெட்டி முழுவதும் பிரிப்பது, கால் நடுங்கினாலும் பரவாயில்லை. பெட்டி கூடத்தில் கிடந்தால் நீங்கள் இன்னும் பயணத்தில்தான் இருக்கிறீர்கள்.

ஸ்கேற்றிங் பற்றி: மகள் சின்னனில் பழகினவள், விடிய ஐந்து மணிக்கு அரங்குக்குக் கூட்டிக்கொண்டு போய் வாங்கில் இருந்து குளிரில் விறைத்த ஆள் நான். ஐம்பது வயதில்தான் எனக்குச் சப்பாத்து வாங்கினேன், ஸ்காபறோ நகர மண்டபத்துக்கு முன்னால் அல்பேர்ட் காம்பல் சதுக்கத்தில் இலவச ஐஸ் இருக்கிறது, அங்கே பிள்ளைகள் எல்லாம் என்னைச் சுற்றிச் சுற்றிப் போகும். வெட்கம் பத்து நிமிசம்தான்.

கேட்க மறந்துபோனேன், அந்தப் பெட்டிக்குள் அல்வா இருக்கிறதா?

---

வெட்டிப்பேச்சு | புதன், மதியம் 12.30

மன்னிக்கவும், நேராகவே கேட்கிறேன். அப்பா தனியாக இருக்கிறார், நினைத்து நினைத்து தூக்கம் வரவில்லை என்கிறீர்கள். அதற்கு மருந்து ஸ்கேட்டிங்கா? ஊரில் இதைச் சொன்னால் சிரிப்பார்கள். இங்கே எல்லாருமே குற்ற உணர்ச்சிக்கு ஒரு பொழுதுபோக்கைத் தேடிக்கொள்கிறோம், ஒருத்தர் ஜிம், ஒருத்தர் ரொட்டி சுடுவது, ஒருத்தர் ஐஸ். நான் உட்பட. ஆனால் அதைத் தீர்வு என்று சொல்ல வேண்டாம்.

---

நெல்லை_ஒட்டாவா | புதன், மாலை 6.20

காபி, நீங்கள் சொன்ன இடம் சரி. அடித்தளத்துத் தரைத்துவாரம். தண்ணீர் ஊற்றிய அரைமணி நேரத்தில் நாற்றம் அடங்கிவிட்டது. கணவர் குழாய்காரரைக் கூப்பிடப் போயிருந்தார், காசு மிச்சம்.

வெட்டிப்பேச்சு, கோபம் இல்லை. ஸ்கேட்டிங்கைத் தீர்வு என்று நான் சொல்லவில்லை, அன்று ஏன் தூங்கினேன் என்று கேட்டேன். ஆனால் நீங்கள் சொன்ன பிறகு யோசித்தேன். உண்மையைச் சொன்னால், கால்வாயில் அந்த ஒன்றரை மணி நேரம் நான் அப்பாவை நினைக்கவே இல்லை. நினைக்க முடியாது. கண் முன்னால் வருகிற ஐஸ்மேல் இருக்க வேண்டும், குறுக்கே ஒரு விரிசல் ஓடும், ஸ்கேட்டின் கத்தி அதில் மாட்டினால் ஆள் குப்புறப் போய்விடுவோம். முழங்காலை மடக்கு, மார்பை முன்னால் கொண்டுவா, கீழே பார்க்காதே என்று மகள் எனக்குப் பாடம் நடத்திக்கொண்டு வருகிறாள். நான் அவளுக்கு நீச்சல் சொல்லிக்கொடுத்தபோது போட்ட அதே அதட்டல். ஐந்தாம் அவென்யூ படிக்கட்டுப் பக்கம் பெஞ்சில் உட்கார்ந்து லேஸைத் தளர்த்தினபோதுதான் திடுக்கென்றது, இவ்வளவு நேரம் நினைக்கவே இல்லையே என்று. அதற்கும் ஒரு குற்ற உணர்ச்சி வந்தது. ஆக, மருந்தும் அதுவே நோவும் அதுவே என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணா, அல்வா இருக்கிறது. இரண்டு கிலோ.

---

காபிப்பைத்தியம் | புதன், மாலை 6.24

பதினோரு நாளாக இரண்டு கிலோ திருநெல்வேலி அல்வா ஹீட்டர் ஓடுகிற கூடத்தில் கிடக்கிறதா? முடிச்சாவது மண்ணாவது, கத்தியை எடுங்கள்.

---

செவிலி_வின்னிபெக் | புதன், இரவு 9.10

ஸ்கேட்டிங் என்று பார்த்ததும் உள்ளே வந்தேன். அவசரப் பிரிவில் வேலை. டிசம்பர் கடைசியில் தொடங்கி மார்ச் வரைக்கும் வாரத்துக்கு வாரம் மணிக்கட்டு எலும்பு முறிவுகள் வரும், அதில் நம்மவர்கள் கணிசம். முப்பது நாற்பது வயதில் முதல்முறை ஏறுவார்கள், பின்பக்கம் சாய்வார்கள், பயத்தில் உள்ளங்கையை நீட்டித் தரையில் ஊன்றுவார்கள், மொத்த எடையும் அந்தச் சின்ன எலும்பில் இறங்கும். விழப்போகிறோம் என்று தெரிந்தால் முழங்காலை மடக்கிக் கீழே குந்திக்கொண்டே போய், பக்கவாட்டில் தொடையிலும் இடுப்பிலும் விழுங்கள். விழுந்த உடனே விரலை மடக்கிக் கையை முஷ்டியாக்குங்கள், பின்னால் வருகிறவனின் கத்தி விரலில் ஏறிவிடாமல் இருக்க. எழும்போது முதலில் முட்டிபோட்டு, ஒரு காலை ஊன்றி, கையை அந்த முழங்கால்மேல் வைத்து எழ வேண்டும், ஐஸில் கையை ஊன்றி எழப்பார்த்தால் மறுபடி விழுவீர்கள். ஹெல்மெட் பெரியவர்களுக்கும் வேண்டும். குழந்தைக்கு மட்டும் போட்டுவிட்டுத் தன் தலையில் குரங்குக் குல்லாயோடு வருகிற அப்பாக்களைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

மற்றபடி நானும் கேரளா, மதுரை என்று ஆறு வாரம் சுற்றிவிட்டு வந்து ஒரு மாதம் ஆகிறது. இங்கே ரெட் ஆறும் அசினிபோயின் ஆறும் சேர்கிற இடத்தில் ஆற்றின் மேலேயே பாதை போடுவார்கள், நெஸ்டவேயா பாதை என்று பெயர். இரவுப் பணி முடிந்த காலையில் ஸ்கேட் இல்லாமல் பூட்ஸோடு நடப்பேன். ஆற்றின் மேல் நடக்கிறோம் என்பது இத்தனை வருஷத்துக்குப் பிறகும் எனக்குப் பழகவில்லை. வைகையிலும் நடக்கலாம்தான், அதன் காரணம் வேறு.

---

புதுசு_ஒட்டாவா | வியாழன், காலை 1.15

அக்கா, நானும் ஒட்டாவாதான், முதுகலை முதல் வருடம். நான் ஊருக்கே போகவில்லை, டிக்கெட்டுக்குக் காசு இல்லை, அதனால் திரும்பி வருகிற பிரச்னையும் இல்லை ஹிஹி. பொங்கலன்று வீடியோவில் பானை பொங்குவதைப் பார்த்தேன், பாதியில் நெட் நின்றுவிட்டது.

ஸ்கேட்டிங் பற்றி ஒரு சந்தேகம். தள்ளுபடியில் புது ஸ்கேட் வாங்கினேன், ஹாக்கி மாதிரி. கால்வாயில் இறங்கினால் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டே போகிறது, எத்தனை உதைத்தாலும் முன்னால் நகரவில்லை. கணுக்கால் உள்பக்கமாக மடிகிறது. எனக்கு இது வராது என்று மூட்டைகட்டி வைத்துவிட்டேன். வராதவர்களுக்கு வராதுதானே?

---

ஸ்காபறோ_அண்ணை | வியாழன், காலை 7.30

தம்பி, தீட்டினீரா? புதுச் சப்பாத்தின் கத்தி பெரும்பாலும் கூர் இல்லாமல்தான் வரும், கடையிலேயே தீட்டித் தரச்சொல்ல வேண்டும். கத்தியின் அடியைத் தட்டையாக நினைக்காதீர், நடுவில் பள்ளம், இரண்டு பக்கமும் விளிம்பு. அந்த விளிம்புதான் ஐஸைப் பிடிக்கிறது. விளிம்பு இல்லாமல் உதைத்தால் எண்ணெய்த் தரையில் உதைப்பது போலத்தான்.

அடுத்தது அளவு. நடக்கிற சப்பாத்தின் அளவுக்கே வாங்கினால் அது பெரிது. ஒன்று, ஒன்றரை அளவு குறைவாக இருக்க வேண்டும். குளிருமே என்று தடித்த காலுறை இரண்டு போடுவதும் பிழை, மெல்லிசு ஒன்று போதும். கயிறு கட்டும்போது விரல் பக்கம் கொஞ்சம் தளர, கணுக்கால் வளைகிற இடத்தில் இறுக்கம், மேலே ஒரு விரல் நுழைகிற அளவு. கணுக்கால் மடிகிறது என்றால் பத்தில் ஒன்பது தரம் கயிறுதான், கால் இல்லை. வீட்டுக்கு வந்ததும் கத்தியைத் துணியால் துடைத்துவிடும், இல்லாவிட்டால் துரு.

வராது என்று சொல்லாதீர், எனக்கே வந்தது.

---

எட்மன்டன்வாசி | வியாழன், காலை 11.45

எல்லாரும் குழாய், கயிறு என்று பேசிக்கொண்டிருக்கிறீர்கள், முக்கியமான விஷயத்தை யாரும் தொடவில்லை. நெல்லை சகோ, அப்பாவை இங்கே அழைத்து வரலாமே? சூப்பர் விசா இருக்கிறது. 2022 ஜூலையில் இருந்து ஒரு தடவை வந்தால் 5 வருஷம் வரை தங்கலாம், அதற்கு முன் 2 வருஷம்தான். பலமுறை வந்துபோக 10 வருஷம் வரைக்கும் தருகிறார்கள். உங்கள் குடும்ப வருமானம் அரசு வைத்திருக்கிற அளவைத் தாண்டி இருக்க வேண்டும், குறைந்தது ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு, ஒரு வருஷத்துக்குக் குறையாமல். 74 வயது என்றால் காப்பீட்டுத் தொகை கொஞ்சம் கடிக்கும், சர்க்கரை இதயம் என்று ஏதாவது இருந்தால் இன்னும் கூட. எங்கள் மாமியாரை இப்படித்தான் வரவழைத்தோம், மூன்றாவது வருஷம் ஓடுகிறது, இங்கே கோவிலில் அவருக்கு எங்களைவிட நண்பர்கள் அதிகம்.

---

நெல்லை_ஒட்டாவா | வியாழன், இரவு 8.50

முதலில் செய்தி: பெட்டியைத் திறந்துவிட்டேன். காரணம் அல்வா, வேறொன்றுமில்லை. வெட்டவில்லை, மகள் முடிச்சை ஒரு ஸ்பூன் காம்பை விட்டு நெம்பி அவிழ்த்தாள், இருபது நிமிடம் ஆனது. அல்வாவுக்கு ஒன்றும் ஆகவில்லை, மேலே நெய் உறைந்து வெள்ளையாகப் படிந்திருந்தது, சூடு பண்ணினதும் பழைய பளபளப்பு வந்துவிட்டது. நார்த்தங்காய் ஊறுகாய் கசிந்து அக்கா கொடுத்த சுங்குடிப் புடவை ஒன்று போச்சு. அப்புறம் அப்பா எங்களுக்குத் தெரியாமல் வைத்தவை: ஓடோமாஸ் நான்கு டியூப், பேட்டரியோடு ஒரு டார்ச், மகள் ஊரில் விட்டுவிட்டு வந்த, இனி அவள் காலுக்குச் சேராத ரப்பர் செருப்பு. மைனஸ் 21இல் ஓடோமாஸ். கணவர் சிரித்தார், நானும் சிரித்தேன், பிறகு நான் குளியலறைக்குப் போய்விட்டேன்.

எட்மன்டன், அழைக்காமலா இருப்பேன். 2019 கோடையில் அம்மாவும் அப்பாவும் வந்தார்கள், மூன்று மாதம். அம்மா நன்றாக இருந்தாள். அப்பா முதல் வாரம் எல்லாவற்றையும் ஆச்சரியமாகப் பார்த்தார், இரண்டாம் வாரம் சன்னலோரம் நாற்காலியைப் போட்டார், மூன்றாம் மாதம் வரை அந்த நாற்காலியைவிட்டு எழவில்லை. "தெருவுல ஒரு மனுஷன் நடக்கல பாத்தியா" என்று தினமும் ஒருமுறை சொல்வார். ஊரில் அவருக்குக் காலையில் டீக்கடை, பத்திரிகை, அப்புறம் கால்வாய்க்கரையில் ஒரு நடை. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்தும் மடை ஒழுகுகிறதா என்று பார்க்காமல் வீட்டுக்கு வரமாட்டார். இந்தத் தடவையும் கேட்டேன். "நீ வந்துட்டுப் போ, நான் இங்கன இருந்துக்கிடுதேன்" என்றார். அதற்குமேல் அதைப் பேசவிடவில்லை. அம்மா இருந்தபோது அழைத்தால் வருவாராக இருக்கும். இப்போது அந்த வீட்டை விட்டுவிட்டு வரமாட்டார்.

எனக்கு இதில் ஒரு எரிச்சல், அப்பாமேல் இல்லை, நாட்டை மாற்றுவதை வீடு மாற்றுவதுபோலப் பேசுகிறவர்கள்மேல். உங்களைச் சொல்லவில்லை. உங்கள் மாமியாருக்குக் கோவில் அமைந்தது, நல்லது. எல்லாருக்கும் அமையாது.

---

எட்மன்டன்வாசி | வியாழன், இரவு 9.30

கொஞ்சம் என்னைத்தான் சொன்னீர்கள், பரவாயில்லை. எங்கள் மாமனாரும் வந்தார், ஐந்தாவது மாதம் திருச்சிக்குத் திரும்பிப் போய்விட்டார். மாமியார் இங்கே, அவர் அங்கே. அதைப் பற்றி வீட்டில் நாங்கள் பேசுவதில்லை. இங்கேயும் அதைச் சொல்லாமல் விட்டேன்.

---

வெட்டிப்பேச்சு | வெள்ளி, காலை 9.05

அந்தக் கால்வாய் ஸ்கேட்டிங்குக்குக் கட்டணம் உண்டா? குளிர்கால விழாவுக்கு ஒட்டாவா வரலாம் என்று இருக்கிறோம், இரண்டு பிள்ளைகள்.

(சிரிக்க வேண்டாம்.)

---

காபிப்பைத்தியம் | வெள்ளி, காலை 9.20

சிரிக்கவில்லை, வாய்விட்டுச் சிரித்தேன். இலவசம். 7.8 கிலோமீட்டர், நகரத்தின் நடுவில். 1971 ஜனவரியில் டக்ளஸ் ஃபுல்லர்டன் என்பவர் தேசியத் தலைநகர ஆணையத்தின் தலைவராக இருந்தபோது, ஆட்களைத் துடைப்பமும் மண்வாரியும் கொடுத்து இறக்கி ஒரு சிறு துண்டைத் துப்புரவு செய்ததில் ஆரம்பித்தது. இப்போது இரவில் ஐஸில் துளை போட்டு, அடியில் இருக்கிற தண்ணீரையே மேலே இறைத்துப் பரப்பி உறைய வைக்கிறார்கள். ஸ்கேட் வாடகைக்குக் கிடைக்கும், வரிசை நீளம். பீவர்டெயில் என்று பொரித்த மாவில் சர்க்கரையும் லவங்கப்பட்டைத் தூளும் தூவித் தருவார்கள், பிள்ளைகள் அதற்காகவே வருவார்கள். நம் கணக்கில் அது சப்பையான இனிப்புப் பூரி.

ஆனால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். 2023இல் முழுக் குளிர்காலமும் திறக்கவேயில்லை, தொடங்கிய நாளிலிருந்து அதுதான் முதல்முறை. அடுத்த வருஷமும் சில நாட்கள்தான். மைனஸ் 10க்கும் 20க்கும் நடுவே தொடர்ந்து பத்துப் பதினான்கு நாள் குளிர் வேண்டும், 30 செ.மீ. ஐஸ் கட்ட வேண்டும், இப்போதெல்லாம் அதற்கே ததிங்கிணத்தோம். நாங்கள் அந்த வருஷம் வாட்டர்லூவில் இருந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய், சிவப்புக் கொடியைப் பார்த்துவிட்டுப் பூரியைத் தின்றுவிட்டு வந்தோம்.

---

நெல்லை_ஒட்டாவா | சனி, மாலை 5.40

இன்று நடந்ததைச் சொல்லிவிட்டுப் போகிறேன்.

காலையில் கால்வாய்க்குப் போகும்போது அப்பாவுக்கு வீடியோ போட்டோம், அங்கே இரவு ஒன்பதரை, படுக்கப்போகிற நேரம். மகள் போனைப் பிடித்துக்கொண்டு ஐஸ்மேல் போய்க்கொண்டே, தாத்தா பாருங்க பாருங்க என்று கத்துகிறாள். 2019இல் வந்தபோது இதே கால்வாயைத் தண்ணீரோடு, படகோடு பார்த்தவர்தான். கொஞ்ச நேரம் பேச்சே இல்லை, லைன் போய்விட்டதோ என்று நினைத்தேன். பிறகு கேட்டார், "தண்ணிய எப்பம் எறக்குனாங்க?"

எனக்கு விளங்கவில்லை. கரை ஓரத்துக் கல்சுவரைக் காட்டச் சொன்னார். காட்டினேன். சுவரில் பழைய நீர்மட்டத்தின் கறை ஓடுவதைப் போனிலேயே பிடித்துவிட்டார், ஐஸ் அதற்கு நன்றாகக் கீழே இருக்கிறது. ஆறு வருஷமாக இதில் வந்து போகிறேன், நான் கவனித்ததே இல்லை. வீட்டுக்கு வந்து தேடிப் பார்த்தால் அவர் சொன்னதுதான் சரி: படகுகள் நின்றதும் இலையுதிர்காலத்தில் தண்ணீரைத் திறந்துவிட்டு மட்டத்தைக் குறைத்துவிடுகிறார்கள், பிறகுதான் உறையவிடுவது. 1832இல் கர்னல் ஜான் பை கட்டி முடித்த கால்வாய், ஒட்டாவாவில் இருந்து கிங்ஸ்டன் வரைக்கும் 202 கிலோமீட்டர், 2007இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்த்தார்கள். வழியில் படகை ஏற்றி இறக்குகிற நீர்ப்பூட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்னும் ஆட்கள் கையால் சுற்றித்தான் திறக்கிறார்கள்.

அந்தக் கடைசி வரியைச் சொல்ல மறுபடி கூப்பிட்டேன், அங்கே நள்ளிரவு தாண்டிவிட்டது. முழித்துக்கொண்டுதான் இருந்தார். "கையாலயா? எத்தன ஆளு? சங்கிலியா, பல்சக்கரமா?" நான் எங்கே கண்டேன். பாராளுமன்றத்துக்குக் கீழே எட்டு பூட்டு படிக்கட்டு மாதிரி வரிசையாக இருக்கிறது என்றேன். எட்டா என்றார். தாமிரபரணியில் எட்டு அணைக்கட்டு, அது அவருக்கு விரல்விட்டுச் சொல்கிற பாடம், கோடைமேலழகியானில் ஆரம்பித்து ஸ்ரீவைகுண்டம் வரை சொல்லிமுடித்தார், இரவு ஒரு மணிக்கு. நாளைக்கு நேரில் போய்ப் பார்த்து, சக்கரத்தை நன்றாகத் தெரிகிற மாதிரி படம் எடுத்து அனுப்பச் சொல்லியிருக்கிறார். பனியில் மூடிக்கிடக்கும் என்றேன். தட்டிவிட்டு எடு என்கிறார்.

நேற்று ஐந்து மணி வரை தூங்கினேன். கறிவேப்பிலைக் குச்சியைக் கீறிப் பார்த்தேன், உள்ளே பச்சை இருக்கிறது, அடியில் கொஞ்சம் விட்டு வெட்டிவிட்டேன். கார் பேட்டரி மாற்றியாயிற்று. அல்வா அரைக் கிலோதான் மிச்சம்.

---

புதுசு_ஒட்டாவா | சனி, மாலை 6.02

அக்கா, தீட்டிவிட்டேன். அண்ணா சொன்ன மாதிரி கயிறும் கட்டினேன். வீட்டுக் கம்பளத்தில் நின்று பார்த்தேன், கணுக்கால் மடியவில்லை. நாளைக்கு நீங்கள் வரும்போது நானும் வரலாமா? அல்வாவுக்காகக் கேட்கவில்லை. கொஞ்சம் அல்வாவுக்காகவும்தான்.

---

நெல்லை_ஒட்டாவா | சனி, மாலை 6.10

வாப்பா. பத்தரைக்கு, ஐந்தாம் அவென்யூ படிக்கட்டு. கையுறை இரண்டு ஜோடி எடுத்துக்கொள், ஒன்று நனைந்துவிடும். ஹெல்மெட் இல்லை என்றால் கணவருடையது இருக்கிறது, செவிலி அக்கா திட்டுவார். கிளம்புமுன் கொடி பச்சையா என்று பார்த்துவிடு. ஸ்கேட்டிங் முடிந்ததும் பூட்டுகளைப் பார்க்கப் போகிறோம், பனியைத் தட்டிவிட ஒரு ஆள் வேண்டும்.